முதுமையில் எலும்பு முறியாமல் காப்போம்: வெயில், உணவு, தொழுகை, மருத்துவம்

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயமான மர்யமின் தொடக்கத்தில், நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தனிமையில் இறைவனிடம் கேட்ட துஆ இடம்பெறுகிறது. தம் முதுமையை எடுத்துச் சொல்ல அவர்கள் இரண்டு அடையாளங்களைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்று எலும்பு பலவீனமடைந்தது, மற்றொன்று தலை நரைத்தது. இதில் எலும்பைத்தான் முதலில் சொல்கிறார்கள். நரை எல்லார் கண்ணுக்கும் தெரியும். எலும்பின் பலவீனம் மற்றவர்களுக்கு மட்டுமல்ல, பல நேரங்களில் அந்த மனிதருக்கே தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரிய வருகிறது.

"வயசானா அப்படித்தான், அல்லாஹ் நாட்டம்" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம். முதுமை வருவது இறைவனின் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். முதுமையைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. முதுமைக்கு மருந்தில்லை என்பது உண்மை. ஆனால் முதுமையில் வரும் எலும்புப்புரை ஒரு நோய். அதைத் தடுக்க வழி இருக்கிறது, வந்துவிட்டால் மருத்துவமும் இருக்கிறது. அதை நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், நாம் கவனிப்பதில்லை என்பதுதான் குறை.

எலும்புப்புரை என்பது என்ன?

எலும்பு உயிருள்ள திசு. உள்ளே ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும், வேறொரு வகை செல்கள் புதிய எலும்பைக் கட்டும். இந்த வேலை வாழ்நாள் முழுவதும் ஓய்வின்றி நடக்கிறது. இளமையில் கட்டுவது அதிகம், அரிப்பது குறைவு. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பு தன் முழுத் திண்மையை அடைந்துவிடும். அதன் பிறகு கணக்கு மெல்ல மாறி, கட்டுவதைவிட அரிப்பது கூடும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால் இந்த இழப்பு திடீரென வேகமெடுக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்புத் திண்மையில் 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். ஆண்களுக்கு இது மெதுவாக நடக்கும். ஆனாலும் 70 வயதைத் தாண்டிய ஆண்களும் தப்புவதில்லை.

இப்படி எலும்பின் உட்புறம் சல்லடையாகிப் போவதைத்தான் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறார்கள். முறிவுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும்: மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு. மிகவும் அஞ்ச வேண்டியது இடுப்பு முறிவுதான். உலக அளவிலான ஆய்வுகளின்படி, இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். மீதமுள்ளவர்களில் பலர் பழையபடி தனியாக நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

மூட்டுத் தேய்மானம் வேறு

நம் மக்கள் இரண்டையும் சேர்த்து "எலும்பு தேய்ஞ்சிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். முழங்கால் வலிப்பது, உட்கார்ந்து எழ முடியாமல் போவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். மூட்டின் முனையில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால் அது வருகிறது, வலியும் இருக்கும். எலும்புப்புரையில் முறிவு ஏற்படும் வரை வலியே இருக்காது. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் ஒருவர் தம் எலும்பைக் கவனித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், எலும்பின் உள்ளே புரை வளர்ந்துகொண்டிருக்கும்.

சில அடையாளங்களைக் கவனிக்கலாம். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைவது, முதுகு கூன் விழுவது, பாரம் தூக்கியதும் நடுமுதுகில் திடீரென வலி பிடிப்பது, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிவது ஆகியவை எச்சரிக்கைகள். 50 வயதுக்கு மேல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் கண்டது

இது குளிர்நாட்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் நீண்டகாலம் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், சிறுநகரச் சூழலில் வாழும், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உடலின் ஏதாவது ஓர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு வைட்டமின் டி போதவில்லை. வேலூர் நமக்கு அண்டை ஊர். நம் வெயிலும் நம் சாப்பாடும்தான் அங்கும்.

விழுப்புரமும் திண்டிவனமும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடம். அப்படியிருந்தும் பற்றாக்குறை ஏன் என்றால், வெயில் ஊரில் இருக்கிறது, நம் தோலில் படுவதில்லை.

வெயில்: ஹிஜாபோடு எப்படி?

உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதைத் தருவது முக்கியமாகத் தோலில் படும் வெயில். நம் பகுதியைப் போலவே வெயில் அடிக்கும் திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் வைட்டமின் டி நன்றாக உருவாகிறது என்று கண்டார்கள். அதிகாலை இளவெயில் மனதுக்கு இதம், ஆனால் இந்த வேலைக்குப் பெரிதாகப் பயன்படாது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் பயன்படாது.

நம் பெண்கள் வெளியே செல்லும்போது உடலை மறைத்துச் செல்கிறார்கள். அது மார்க்கக் கடமை, அதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டுக்குள் அந்நிய ஆண்கள் பார்க்காத இடத்தில் கைகளிலும் கால்களிலும் வெயில் படுவதை மார்க்கம் தடுக்கவில்லை. மறைப்பு உள்ள மொட்டை மாடி, பின்கட்டு முற்றம், தென்னங்கீற்று அல்லது தகரம் வைத்து மறைத்த ஒரு மூலை போதும். துணி காயப் போடும்போதும் அரிசி புடைக்கும்போதும் முழங்கை வரை, கணுக்காலுக்கு மேல் வரை வெயில் படட்டும். மாநிறத் தோலுக்கு 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் தேவைப்படும். கத்திரி வெயிலில் நேரத்தைக் குறைத்து, தலையை மூடி, தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லுங்கள். மயக்கம் வரும் அளவுக்கு முதியவர்களை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது.

அடுக்குமாடியில் குடியிருப்போருக்கும் மறைவான முற்றம் இல்லாதோருக்கும் வெயிலை மட்டும் நம்ப முடியாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் டி மருந்து எடுத்துக்கொள்வதே சரி.

ஆண்களுக்கு எளிய வழி உண்டு. லுஹர் ஜமாஅத்துக்கு வண்டியில் போகாமல் நடந்து போய் வந்தாலே அந்த 11 மணி முதல் 2 மணி வரையிலான நேரத்தில் கொஞ்சம் வெயில் கிடைக்கும், நடையும் கிடைக்கும்.

இத்தாவில் இருக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த பெண்ணின் இத்தா 4 மாதம் 10 நாள். சில வீடுகளில் வயதான அம்மாவை அந்த நாட்கள் முழுவதும் ஜன்னல் அடைத்த, திரை போட்ட ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். ஷரீஅத் சொல்வது அவர் தம் வீட்டில் தங்கி இருக்க வேண்டும், அலங்காரம் தவிர்க்க வேண்டும் என்பதுதான். இருட்டறையில் இருக்கச் சொல்லவில்லை. வீட்டு முற்றத்துக்கும் மாடிக்கும் அவர் போகலாம், வீட்டு வேலை செய்யலாம், நடக்கலாம். 60 வயதைக் கடந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வெயிலும் நடையும் இல்லாமல் முடங்கினால் தசையும் எலும்பும் சேர்ந்து தளர்ந்துவிடும்.

உணவு: பாயா போதுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம்.

எலும்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது ஆட்டுக்கால் பாயா. உடல் தேற அது நல்லதுதான். ஆனால் எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சூப்பில் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாயாவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நம்பத் தக்கவை விலை குறைந்த, பழகிய பொருள்கள்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. 200 மில்லி பாலிலோ தயிரிலோ ஏறத்தாழ 240 மில்லிகிராம். முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு 300க்கு மேல். எள்ளில் 100 கிராமுக்கு 1,000க்கும் அதிகம். எள்ளுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எள், நிலக்கடலை ரகங்களுக்கு "டி.எம்.வி." என்று பெயர் வந்ததே நம் ஊரால்தான்.

ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ, நாளில் இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், மதியம் ஒரு கிண்ணம் முருங்கைக் கீரைப் பொரியல், மாலையில் ஒரு எள்ளுருண்டை. இவையே ஏறத்தாழ 1,000 மில்லிகிராமை எட்டிவிடும். டீயில் சேரும் பால் மிகக் குறைவு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மரக்காணம் கடற்கரையிலிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மத்தி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி ஓரளவு உண்டு.

எலும்புக்குப் புரதமும் வேண்டும். பல் போன பெரியவர்கள் கஞ்சியும் ரசச் சோறுமாக நாளைக் கழிக்கிறார்கள். மசித்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் ஆகியவற்றை அவர்கள் தட்டில் சேருங்கள். உப்பு அதிகமானால் சிறுநீர் வழியே சுண்ணாம்புச் சத்து வெளியேறும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் அளவோடு இருக்கட்டும். பீடி, சிகரெட்டும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடவே கூடாது. சிறுநீரகக் கோளாறோ கல்லடைப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

மகள்களை மறக்க வேண்டாம். எலும்பின் சேமிப்பு 30 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பையனுக்குப் பால், பெண்ணுக்குக் கடுங்காப்பி என்ற பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், அதன் விளைவு 40 ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் இடுப்பில் தெரியும். ஓடி விளையாடவும் கயிறு தாண்டவும் அவர்களுக்கு வாய்ப்பு கொடுங்கள்.

தொழுகையும் உடற்பயிற்சியும்

மனித உடலில் 360 மூட்டுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு மூட்டுக்காகவும் தர்மம் செய்ய வேண்டியிருப்பதாகவும், ளுஹா நேரத்தின் இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. உடலை நன்றியோடு பயன்படுத்த வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

ஐந்து வேளை ஃபர்ளில் மட்டும் 17 ரக்அத், 34 ஸஜ்தா. தரையிலிருந்து கையூன்றாமல் எழுவது தொடைத் தசைக்கும் உடல் சமநிலைக்கும் நல்லது. ஆனால் நாம் தொழுவது வணக்கமாகத்தான், உடற்பயிற்சிக்காக அல்ல. எலும்பு பலப்பட அதற்கு மேலும் உழைப்பு வேண்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து அமர்வது, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது ஆகியவை வீட்டிலேயே செய்யக் கூடியவை.

பள்ளிவாசல்களில் ஓரத்து நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. உண்மையான சிரமம் உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை தெளிவாக இருக்கிறது. நின்று முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள் முன்னால் வளைந்து குனிவது ஆபத்து. இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தரையில் மடங்கி உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அவர்கள் சைகையால் தொழுவதில் தயக்கம் வேண்டாம். எந்த அளவு குனியலாம் என்பதை மருத்துவரிடமும், எப்படித் தொழுவது என்பதை ஊர் இமாமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நேரம், சிறு வலிக்கே நாற்காலிக்குப் போய் அங்கேயே நிலைத்துவிடுவது காலைப் பலவீனமாக்கும். நாற்காலியை எடுக்கும் முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

விழாமல் இருக்க

இடுப்பு முறிவுகள் மிகப் பெரும்பாலும் கீழே விழுவதால்தான் வருகின்றன. தஹஜ்ஜுத், ஃபஜ்ரு நேரத்தில் இருட்டில் எழுந்து, ஈரத் தரையில், ஒளூ செய்யப் போகும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை சின்ன விளக்கு எரியட்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். தரையில் பாசி சேராமல் தேய்த்துக் கழுவுங்கள். ஒளூ செய்ய உயரமான முக்காலி போடுங்கள். மடிந்து கிடக்கும் மிதியடி, தரையில் கிடக்கும் ஒயர், கால் வரை இழுபடும் புர்காவின் ஓரம், தேய்ந்த செருப்பு எல்லாம் காலை இடறும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் எழும்போது தலைசுற்றல் தரும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனையும் மருந்தும்

எலும்புத் திண்மையை அளக்கும் பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். அதில் டி-ஸ்கோர் என்ற எண் வரும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரைப் பார்த்து, ஸ்கேன் தேவையா, எங்கே எடுப்பது என்று கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு எட்டும் தூரம்தான்.

யார் முந்திக்கொள்ள வேண்டும்? 65 வயதைக் கடந்த பெண்கள், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையும் அகற்றப்பட்டவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிவு வந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ 3 மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். பெயர் தெரியாத "வலி நிவாரணப் பொடி" வாங்கிச் சாப்பிடுவோருக்கும் எச்சரிக்கை. அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. வலி உடனே போகும், எலும்பும் கூடவே போகும்.

வைட்டமின் டி மருந்தில் இரண்டு செய்திகள். 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவார். அதே சீட்டை வைத்து மாதக்கணக்கில் தொடர்ந்து வாங்கினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடுத்தது, ஜெலட்டின் உறை பற்றித் தயங்குவோர் அதற்காக மருந்தையே விட வேண்டாம். பொடிப் பொட்டலமாகவும், மாத்திரையாகவும், திரவமாகவும் இதே மருந்து கிடைக்கிறது. மருத்துவரிடம் அப்படி எழுதித் தரச் சொல்லலாம்.

எலும்புப்புரைக்குத் தரும் அலெண்ட்ரோனேட் போன்ற வாராந்திர மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன் பின் அரை மணி நேரம் படுக்கவோ வேறெதுவும் சாப்பிடவோ கூடாது. இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ரமளானில் இதை எப்போது சாப்பிடுவது என்பது நியாயமான கேள்வி. ரமளான் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மக்ரிபில் ஸஜ்தா செய்ய வேண்டியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நேரத்தை மாற்றித் தரலாம், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பரிந்துரைக்கலாம். நோன்புக்காக நாமாகவே மருந்தை நிறுத்துவது சரியல்ல. நோன்பே நோற்க முடியாத முதியவருக்கு ஃபித்யா என்ற வழியை மார்க்கம் வைத்திருக்கிறது.

முறிந்துவிட்டால்

விழுந்த பெரியவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம். நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள். கை முறிவுக்குப் போவது போல இதற்கும் நாட்டுக் கட்டுக்குத் தூக்கிப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இடுப்பு முறிவில் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப் புண், சளிக் காய்ச்சல், காலில் ரத்தக் கட்டு வந்து, உயிருக்கே ஆபத்தாகும். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து விரைவில் நடக்க வைப்பதே சரியான வழி.

செலவுக்குப் பயந்து நாளைக் கடத்த வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்யலாம்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒளூ செய்யும் இடத்தில் வழுக்காத தரையும், பிடித்து எழக் கம்பியும், வாசல் படியில் கைப்பிடியும் வைக்க அதிகச் செலவாகாது. பள்ளிவாசல்களில் ரத்த தான முகாம் நடத்துவது போல, ஆண்டுக்கு ஒருமுறை எலும்பு மருத்துவரை அழைத்துப் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கி முகாம் நடத்தலாம். அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாள் என்பதால் அந்த வாரம் பொருத்தமாக இருக்கும்.

பெற்றோர் இருவருமோ ஒருவரோ முதுமை அடைந்தால் அவர்களிடம் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. அவர்கள் படுக்கையில் விழுந்த பிறகு செய்யும் பணிவிடைக்கு நன்மை உண்டு. அவர்கள் விழாமல் இருக்க இன்று மாட்டும் ஒரு கைப்பிடியும், நாளை முதல் கொடுக்கும் ஒரு டம்ளர் பாலும் அதே பணிவிடையில் சேர்ந்தவைதான்.

நம் பெற்றோருக்கும் நமக்கும் கடைசி வரை தம் காலில் நின்று தன்னை வணங்கும் பாக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.